துறைமுகங்கள் வளர்த்த சண்டியர்கள்

1926 ஆம் ஆண்டிலே, நமது கடலுக்கு அக்கரையில், இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று இராமநாதபுரத்தை அடுத்த பனைக்குளத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தது. மற்றையது தூத்துக்குடியில் ஒரு முதலியார் குடும்பத்தில் பிறந்தது. முதற் குழந்தையின் பெயர் மஸ்தான். இரண்டாவதன் பெயர் வரதராஜன். இவ்விருவரும் பிழைப்பை நாடிப் பம்பாய் நகரை அடைந்து, முதுகிலே சுமை தூக்கி, பின்னர் அம்மாநகரமே பெயரைக் கேட்டால் அஞ்சும் பேர்வழிகள் ஆயினர். ஹாஜி மஸ்தான், வரதாபாய் என்னும் பெயர்களை இன்று நம் கல்லூரி மாணவர் நன்கு அறிவர். பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டைக் கேட்டால் விழிக்கும் பையன்களும், "பம்பாயை ஒரு தமிழன் ஆட்டிப் படைச்சவன், சேர்" என்று என்னிடம் பெருமையோடு கூறுவதுண்டு.

ஆட்டிப் படைத்தது மெய்தான். யாரை ஆட்டிப் படைத்தார் என்பதே இவ்வாரம் நாம் விசாரிக்க வேண்டிய விடயம். குடும்பப் பகுதியிலே இத்தகைய "குடும்பங்களை"ப் பற்றி எழுதலாமா என்று நேயர் எவரேனும் முகஞ்சுளித்தல் கூடும். நம் பிள்ளைகள் அவர்களைப் பற்றி வீட்டிலிருந்து பேசத் தொடங்கிய பின்னர் நாம் மட்டும் பேசாதிருப்பதில் பயன் என்ன?

துறைமுகக் கூலியாளின் நிலையை முதலில் அறிந்துகொள்வது நலம். கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. நூறு பேருக்கு வேலை உள்ள நாளில் முந்நூறு பேர் வாயிலில் நிற்பர். ஆகவே, அக்கூட்டத்தைப் பார்த்து, "நீ வா, நீ போ" என்று விரல் நீட்டுகின்ற மனிதன், சம்பளம் கொடுக்கும் முதலாளியிலும் பெரியவனாகி விடுகிறான். பம்பாய்த் துறையிலே கூலிக் கூட்டத்தைத் தோலி என்றும் அதன் தலைவனைத் தோலிவாலா என்றும் வழங்கினர். நமக்கு அவன் புதியவன் அல்லன். மலைநாட்டுத் தோட்டங்களில் நம்மவர் கங்காணி என்று அழைத்த ஆளுக்கு அவன் நெருங்கிய உறவினன். ஊரிலே ஆள் திரட்டியவனும் கங்காணி. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவனும் அவனே. அந்தக் கடனுக்குக் கணக்கு வைத்தவனும் அவனே. கடன் தீரும் வரை தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவொண்ணாதபடி "துண்டு" என்றொரு சீட்டு அவனைக் கட்டி வைத்திருந்தது. 1921 இலேதான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

நமது திருகோணமலை 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை பிரித்தானியக் கடற்படையின் கையிலே இருந்தது. வர்த்தகக் கப்பல்கள் நெருக்கியடித்து நின்று பண்டம் இறக்கும் துறையாக அஃது என்றும் இருந்ததில்லை. இதனால் நமக்கு ஏற்பட்ட நட்டத்தைப் பலரும் பேசுவர். பம்பாயிலும் நியூயோர்க்கிலும் தலையெடுத்த வகையைச் சேர்ந்த துறைமுகச் சண்டியர் இங்கே வேரூன்றவில்லை என்ற இலாபத்தை எவரும் பேசுவதில்லை.

நிற்க. மஸ்தான் சிறு பிள்ளையாகத் தந்தையுடன் பம்பாய் சேர்ந்து, சைக்கிள் திருத்தும் கடையொன்றிலே காலங் கழித்து, 1944 ஆம் ஆண்டளவில் துறைமுகத்தில் சுமையாளானார். வரதராஜன் விக்டோரியா புகையிரத நிலையத்திலே பயணிகளின் பெட்டி சுமந்தவர். சுமையாளுக்குக் கிடைக்கும் கூலியைக் கொண்டு எவரும் கோடீசுவரர் ஆவதில்லை. கப்பலிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தையோ ஒரு டிரான்சிஸ்டர் வானொலியையோ மறைத்து வெளியே கொண்டுவந்தாலும் அன்றைய அரிசிக்கு மேல் அதிகம் மிஞ்சாது. சிறு கள்வர் பெரிய கள்வர் ஆவதற்கு அரசாங்கத்தின் உதவி வேண்டும். அவ்வுதவி இரண்டு சட்டங்களின் வடிவில் வந்தது.

முதலாவது, 1949 ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். இரண்டாவது, சீன யுத்தத்தை அடுத்து 1963 இல் வந்த தங்கக் கட்டுப்பாடு. இரண்டிலும் மொரார்ஜி தேசாய் என்னும் நேர்மையான மனிதரின் கை இருந்தது. மதுவிலக்குச் சட்டம் வந்த காலத்தில் அவர் பம்பாய் மாகாணத்தின் உள்நாட்டமைச்சர். தங்கக் கட்டுப்பாடு வந்த காலத்தில் இந்தியாவின் நிதியமைச்சர். 14 கரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிதாக நகை செய்யலாகாது என்று விதி பிறந்தது. 14 கரட்டில் தாலி செய்து பெண்ணின் கழுத்திலே கட்டச் சம்மதிக்கும் தாய் ஒருத்தி நம் தேசங்களிலே உண்டோ? பொற்கொல்லர் பட்டினி கிடந்தனர், கடத்தற்காரர் கொழுத்தனர். 1968 இல் தனிச் சட்டமாகவே ஆக்கப்பட்ட அந்தக் கட்டுப்பாடு 1990 வரை நீடித்தது. வளைகுடா நாடுகளிலிருந்து படகிலே வந்த பொற்கட்டிகள் மஸ்தானை வெள்ளைக் கோட்டு அணிந்து, வெள்ளைக் காரிலே செல்லும் சீமானாக்கின. வரதராஜன் கைக்கொண்டது மதுவிலக்கை. நாம் கசிப்பு என்கிறோமே, அதனைக் குடிசைகளுக்குள்ளே காய்ச்சி, மோட்டார்ச் சக்கரத்தின் ரியூப்பிலே நிரப்பி, நகரெங்கும் அனுப்பும் தொழிலே அவருடைய முதல் ஏணி. துறைமுகச் சரக்கைத் திருடும் தொழிலில் மஸ்தானோடு கூட்டுச் சேர்ந்தது அதற்குப் பின்னர்.

இந்தக் கதையில் தமிழருக்கே உரிய விசேடம் ஒன்றுமில்லை. கடல்களுக்கு அப்பால், நியூயோர்க் துறைமுகத்திலே, வேறொரு சாதியார் இதே நாடகத்தை ஒரு தலைமுறைக்கு முன்னரே நடித்து முடித்திருந்தனர்.

1880 தொடக்கம் 1920 வரையுள்ள நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவிற் குடியேறினர். பெரும்பாலோர் சிசிலித் தீவையும் நேப்பிள்ஸ் நகரை அடுத்த தென்பகுதியையும் சேர்ந்த ஏழைக் குடியானவர். அவர்களுக்கும் ஒரு கங்காணி இருந்தான். "பட்ரோனே" என்பது அவனுடைய பெயர். வந்த நாட்டின் மொழி அவர்களுக்குத் தெரியாது. பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அவர்களுடைய முறைப்பாட்டை விளங்கிக்கொள்ள ஆளில்லை. நீதியென்று நம்புவதற்கும் வழியில்லை. 1891 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, பொலிஸ் அதிகாரி ஒருவரின் கொலையை அடுத்துச் சிறையில் இருந்த இத்தாலியர் பதினொருவரைக் கும்பலொன்று சிறைக்குள்ளேயே புகுந்து கொன்றது. அவர்களிற் சிலரை நீதிமன்றம் குற்றவாளிகள் அல்லர் என்று முதல் நாளே விடுவித்திருந்தது. இவ்வாறு எவரிடமும் முறையிட இயலாத கூட்டத்தின் நடுவே, அதே கூட்டத்திற் பிறந்த ஒருவன் கத்தியோடு எழுந்து நின்றால் அவனைக் கண்டு அஞ்சுவதா, அவனிடம் அடைக்கலம் புகுவதா?

இரண்டும் நடந்தன. ஆயினும் அச்சமே முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "கறுப்புக் கை" என்னும் கடிதங்கள் இத்தாலியர் வாழ்ந்த தெருக்களிலே பரவின. கையும் கத்தியும் வரைந்து, இன்ன இடத்தில் இன்ன தொகையை வைக்காவிட்டால் கடை எரியும், பிள்ளை காணாமற் போகும் என்று எழுதியிருக்கும். இக்கப்பக் கடிதங்கள் அமெரிக்கக் கோடீசுவரரின் மாளிகைகளுக்குச் செல்லவில்லை. இத்தாலிய வெதுப்பகக்காரருக்கும், பலசரக்குக் கடைக்காரருக்கும், முடிதிருத்துவோருக்கும் சென்றன. உலகப் புகழ்பெற்ற பாடகர் என்றிக்கோ கரூசோவுக்கும் ஒன்று கிடைத்தது. அவரும் இத்தாலியர் என்பதே காரணம். இக்கொடுமையை ஒழிக்க நியூயோர்க் பொலிஸ் படையில் இத்தாலியர் பிரிவொன்றை நடத்தியவர் ஜோசப் பெற்றோசினோ என்பவர். இத்தாலியிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். குற்றவாளிகளின் பழைய பதிவுகளைத் தேடிச் சிசிலிக்குச் சென்ற அவரை, 1909 மார்ச் 12 ஆம் நாள் பலெர்மோ நகரின் நடுவே சுட்டுக் கொன்றனர்.

பின்னர் வந்தது மதுவிலக்கு. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மது தடை செய்யப்பட்டது. 1933 டிசம்பரில் அத்தடை நீங்கியது. தெருமுனையில் கப்பம் வாங்கிக் கொண்டிருந்த காடையர் இந்தப் பதினான்கு ஆண்டுகளில் லொறிகளுக்கும், கப்பல்களுக்கும், நீதிபதிகளுக்கும் சொந்தக்காரர் ஆயினர். பணம் பெருகியதும் பங்குச் சண்டை மூண்டது. 1931 ஏப்ரலில் மாசேரியா என்ற தலைவர் உணவுச்சாலையிலே சுடப்பட்டார். அவருக்கு எதிரியாக நின்ற மரன்சானோ அவ்வாண்டு செப்டெம்பரில் தம் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். இரு கொலைகளாலும் இலாபமடைந்தவர் சார்ல்ஸ் லூசியானோ. கம்பனி நடத்துவோர் பணிப்பாளர் சபை அமைப்பது போல, நியூயோர்க்கின் ஐந்து குடும்பங்களையும் பிறநகரத் தலைவர்களையும் சேர்த்து ஒரு சபையை அவர் அமைத்தார். குடும்பம் என்ற சொல்லைக் கேட்டு நாம் மயங்க வேண்டியதில்லை. இரத்த உறவு அதற்குக் கட்டாயமன்று. கட்டளைக்குப் பணிவதும் வாய் திறவாமையுமே கட்டாயம்.

அரசாங்கமே அவர்களிடம் கை கட்டி நின்ற நாளும் உண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் நம் துறைமுகத்திலே ஜப்பானியர் குண்டு பொழிந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன்னர், நியூயோர்க் துறையில் நோர்மண்டி என்ற மாபெருங் கப்பல் தீப்பற்றிக் கவிழ்ந்தது. உருக்கு ஒட்டும் வேலையில் நேர்ந்த விபத்து அது. எனினும், எதிரியின் ஒற்றர் துறைமுகத்தில் நடமாடுகின்றனரோ என்று அஞ்சிய அமெரிக்கக் கடற்படை, துறைமுகத்தை உண்மையில் ஆள்பவர் எவரோ அவரிடமே உதவி கேட்டுச் சென்றது. அவர் 1936 முதல் சிறையில் இருந்த லூசியானோ! 1946 இல் அவரை விடுதலை செய்து இத்தாலிக்கு அனுப்பி வைத்தனர்.

இனிப் பம்பாய்க்குத் திரும்புவோம். தாராவி, சயன் கோலிவாடா, அன்ரொப் ஹில் ஆகிய இடங்களில் நெருங்கிய குடிசைகளிலே வாழ்ந்த தமிழருக்கு, நியூயோர்க் இத்தாலியருக்கு நேர்ந்தவை யாவும் நேர்ந்தன. மொழி தெரியாது, பங்கீட்டு அட்டை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. 1966 இல் பால் தாக்கரே தொடங்கிய சிவசேனை, தென்னிந்தியரே மராட்டியரின் வேலைகளைப் பறித்தவர் என்று கூறி, வேட்டி கட்டியவனைத் தெருவிலே துரத்திற்று. அவ்வேளையில் வரதாபாயின் வாசலிலே வழக்குச் சொல்லலாம். தீர்ப்புத் தமிழில் கிடைக்கும். அட்டையும் குழாயும் மின்விளக்கும்கூட அவர் தயவால் வந்தன. மாதுங்காப் புகையிரத நிலையத்துக்கு வெளியே ஆண்டுதோறும் அவர் எடுத்த விநாயக சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பிரசித்தம். திரைப்பட நட்சத்திரங்களும் அங்கே வந்து வணங்கிச் சென்றனர்.

இவற்றை மறுப்பதற்கில்லை. அந்தக் குடிசையில் வாழ்ந்த ஒருவர், "எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்பாராயின், திருகோணமலையில் மின்விசிறியின் கீழிருந்து எழுதும் எனக்கு அவரை இடித்துரைக்கும் தகுதியில்லை. ஆனால், ஒரு கணக்கை மட்டும் பார்க்க வேண்டும். அந்தச் சாராயம் எங்கே விற்றது? பணக்காரர் உத்தரவுச் சீட்டுப் பெற்று நல்ல மது அருந்தினர். நகரெங்கும் பரந்த ஏழைத் தொழிலாளர் வட்டாரங்களிலே குடிசைச் சாராயம் விற்றது. தமிழர் குடிசைகளும் அவற்றுள் அடங்கும். கூலி கிடைத்த மாலையில் வீட்டுக்கு வரவேண்டிய ரூபாய் வழியிலேயே நின்றுவிட்டது. அடுப்பிலே உலை வைத்துக் காத்திருந்த பெண்ணின் கைக்கு வரவேண்டிய காசுதான், ஓராண்டு சுற்றி, மாதுங்காவிலே மின்விளக்குத் தோரணமாக எரிந்தது. பிள்ளையார் அந்த வெளிச்சத்தை விரும்பினாரோ என்னவோ, நான் அறியேன். சிக்காகோவிலும் இவ்வாறே நடந்தது. நாடு முழுவதும் வேலையின்றித் தவித்த 1930 ஆம் ஆண்டின் இறுதியில், அல் கபோன் கஞ்சித்தொட்டி வைத்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்தார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அவரைச் சிறைக்கு அனுப்பியது கொலைக் குற்றமன்று. வருமான வரி கட்டாத குற்றம். அமெரிக்கர் சிலர் அக்கஞ்சித்தொட்டியைப் பற்றி இன்றும் நெகிழ்ந்து பேசுகின்றனர்.

மேலும் ஒரு செய்தி. நியூயோர்க்கில் ஐந்து குடும்பங்களுள் ஒன்றின் தலைவராயிருந்தவர் ஜோசப் கொலம்போ. (நம் கொழும்பு மாநகரை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துக்கள்தாம், சம்பந்தம் வேறொன்றுமில்லை.) 1970 இல் இவர் இத்தாலிய அமெரிக்கர் குடியுரிமைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார். "இத்தாலியர் எல்லாரையும் கொள்ளைக்காரர் என்று இகழ்கின்றனர், நம் இனத்தின் மானம் போகின்றது" என்பது அதன் முழக்கம். பல்லாயிரம் பேர் அதனை நம்பி ஊர்வலம் வந்தனர். அப்பொழுது தயாராகிக் கொண்டிருந்த "கோட்பாதர்" என்னும் படத்தின் வசனத்திலிருந்து மாபியா என்ற சொல்லையே நீக்குமாறு அக்கழகம் செய்துவிட்டது. 1971 ஜூன் 28 ஆம் நாள், தாம் கூட்டிய பேரணியிலே கொலம்போ சுடப்பட்டார். அசைவற்ற உடலோடு ஏழாண்டுகள் கிடந்து மாண்டார். உழைத்துப் பிழைத்த இத்தாலியருக்கு உண்மையிலேயே ஓர் அவமானம் இருந்தது. அதனை அவர்களுக்குத் தேடித் தந்தவரே அதனைத் துடைக்க முன்வந்தார் என்பதை அவர்களிற் பலர் கவனிக்கவில்லை.

நம்மவருக்கும் படம் உண்டு. 1975 இல் வெளிவந்த "தீவார்" என்னும் இந்திப் படத்தின் துறைமுகக் கூலி மஸ்தானின் சாயல் என்பர். 1987 இல் மணிரத்தினத்தின் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த "நாயகன்" வரதராஜனின் வாழ்வைத் தழுவியது. நல்ல படம், நானும் விரும்பிப் பார்த்தேன். அப்படம் வெளிவந்த வேளையில் வரதராஜன் பம்பாயில் இல்லை. வை. சி. பவார் என்ற பொலிஸ் அதிகாரி அவருடைய கூட்டத்தை ஒவ்வோர் ஆளாகப் பிடித்து உடைத்து, பந்தலையும் சுருக்கிவிட, அவர் சென்னைக்கு ஒதுங்கியிருந்தார். 1988 ஜனவரியில் அங்கேயே மாரடைப்பால் இறந்தார். அவருடைய உடலை விமானத்திலே பம்பாய்க்குக் கொண்டு சென்றவர் மஸ்தான். அவசரகால நிலையில் சிறை சென்று, மீண்டபின் அரசியலில் இறங்கிப் பார்த்த மஸ்தான் 1994 இல் காலமானார். இருவருக்கும் பின்னர் பம்பாயின் குற்ற உலகம் துப்பாக்கியும் வெடிமருந்தும் ஏந்திய வேறு கைகளுக்குப் போயிற்று. முன்னவர் இருவரையும் "நல்லவர்கள்" என்று சிலர் சொல்வது இந்த ஒப்பீட்டினால்தான்.

படத்துக்கு வராத ஒருவரைப் பற்றியும் என் மாணவருக்குச் சொல்ல விரும்புகிறேன். பீற்றர் பான்ரோ என்பது அவர் பெயர். புரூக்ளின் துறைமுகத்திற் சுமை தூக்கிய இத்தாலிய இளைஞர். முப்பது வயதை எட்டாதவர். அத்துறையில் நாள்தோறும் காலையில் ஆட்கள் அரைவட்டமாக நிற்க, ஆள் பொறுக்குபவன் வந்து விரல் நீட்டுவான். சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தவன், அதற்கு அடையாளமாகப் பல்லுக் குத்தும் குச்சியைக் காதிலே செருகியிருப்பான். தொழிற்சங்கம் இதனைக் கண்டிருக்க வேண்டும். ஆனால் அச்சங்கமே அல்பேர்ட் அனஸ்தாசியா என்னும் கொலைகாரரின் கூட்டத்தார் பிடியில் இருந்தது. விரல் நீட்டியவன் இத்தாலியன். பங்கு பெற்றவன் இத்தாலியன். குச்சியைச் செருகியவனும் இத்தாலியன்.

1939 ஆம் ஆண்டு கோடையில் பான்ரோ கூட்டம் கூட்டினார். சங்கத்தில் ஒழுங்காகத் தேர்தல் நடக்க வேண்டும், கப்பம் ஒழிய வேண்டும் என்று பேசினார். அச்சத்தால் வாய் மூடியிருந்த தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவர் பேச்சைக் கேட்கத் திரண்டனர். சங்கத்தின் பெரியவர் ஒருவர் அவரை அழைத்து, பையன்களுக்கு இது பிடிக்கவில்லை என்று எச்சரித்தார். ஜூலை 14 ஆம் நாள் மாலை வீட்டை விட்டுச் சென்ற பான்ரோ திரும்பி வரவில்லை. புரூக்ளின் சுவர்களிலே "பீற்றர் பான்ரோ எங்கே?" என்று ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் எழுதப்பட்ட வினா தோன்றிற்று. அழித்த இடத்திலே மீண்டும் எழுதினர்.

1941 ஜனவரியில், நியூ ஜேர்சியில், சுண்ணாம்பு இட்டு மூடிய குழியொன்றிலிருந்து அவருடைய சடலம் எடுக்கப்பட்டது. அக்கொலைக்காக எவரும் விசாரணைக்கு நிறுத்தப்படவில்லை. ஆர்தர் மில்லர் என்ற நாடகாசிரியர் அவரை மனத்திற் கொண்டு எழுதிய திரைக்கதை படமாகவே இல்லை. அனஸ்தாசியா 1957 ஒக்டோபரில் முடிதிருத்தும் நாற்காலியில் அமர்ந்தவாறே சுடப்பட்டு மாண்டார். அவருடைய தம்பி, புரூக்ளின் துறைமுகத் தொழிற்சங்கத்தின் தலைவராக 1963 இல் இறக்கும் வரை இருந்தார். அவருக்குப் பின் அப்பதவி அவர் மருமகனுக்குப் போயிற்று. காலையில் அரைவட்டமாக நிறுத்தி ஆள் பொறுக்கும் வழக்கம் நியூயோர்க் துறையில் 1953 ஆம் ஆண்டின் இறுதியில் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. பான்ரோ மறைந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.